சுவையா, போதையா? நெல்முளைக் கள்ளிலிருந்து பெங்களூரு பீர் வரை

பெங்களூருவில் வேலை பார்க்கும் நம் பகுதிப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது புதிதாக ஒரு பேச்சைக் கொண்டுவருகிறார்கள். அங்கே சில உணவகங்களில் பீரை அந்த இடத்திலேயே காய்ச்சுகிறார்களாம். மரத்தட்டில் ஐந்தாறு சிறு கண்ணாடிக் குவளைகளை வைத்து, ஒன்று ஜெர்மனி முறை, ஒன்று பெல்ஜியம் முறை, ஒன்று இங்கிலாந்து முறை என்று கொடுப்பார்களாம். நண்பர்கள் ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பார்த்து, இதில் வாழைப்பழ வாசம் வருகிறது, அதில் காபிக் கசப்பு இருக்கிறது என்று பேசிக்கொள்வார்களாம்.

கேட்கும் பெரியவர்களுக்குச் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது. "குடிக்கிறதுல என்னப்பா வாசம்?" என்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. குடியால் நொடித்த குடும்பம் இல்லாத தெரு நம் பக்கத்தில் குறைவு. இந்தக் கட்டுரை யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. குடித்துப் பார்த்துச் சுவை சொல்லும் பழக்கம் நமக்கு அந்நியமானதா, அது எப்போது, எதனால் நம்மை விட்டுப் போனது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

சங்க காலத்து நெல்முளைக் கள்

பீர் என்பது தானியத்தைப் புளிக்கவைத்து எடுக்கும் பானம். தானியத்தில் இருப்பது மாவு. மாவு நேரடியாகப் புளித்துச் சாராயச் சத்தாக மாறாது. முதலில் அது சர்க்கரையாக வேண்டும். அதற்குத்தான் தானியத்தை முளைகட்டுகிறார்கள். முளைகட்டிய கேழ்வரகில் காய்ச்சிய கஞ்சி லேசாக இனிப்பது நம் வீட்டு அடுக்களைக்குத் தெரிந்த விஷயம். ஐரோப்பாவில் பார்லியை முளைகட்டி உலர்த்தி இதையே செய்கிறார்கள். பிறகு ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் நுரையையும் தருகிறது.

பத்துப்பாட்டு நூல்களில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் இந்த முறை அப்படியே இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் அது. வலைஞர் குடியிருப்பில் பாணனுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில், கள் வடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறார் புலவர். சரியாகக் குத்தாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைக்கிறார்கள். அதில் முளையால் ஆன அடையைக் கலக்கிறார்கள். வாய் உறுதியான சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

இன்றைய பீர் ஆலையில் வேலை செய்பவர் இதைப் படித்தால் ஒவ்வொரு படியும் அவருக்குப் புரியும். வீட்டில் வடிக்கும் நெல்லுக்கள்ளுக்குத் 'தோப்பி' என்றே தனிப்பெயர் இருந்தது. தெளிந்தது தேறல். நறவு, மட்டு, பிழி என்று வேறு பெயர்களும் உண்டு. மலைவாழ் மக்கள் மூங்கில் குழாய்க்குள் நாள்படவைத்து முதிரச்செய்த தேன் தேறலைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. ஒரு பொருளுக்கு இத்தனை பெயர் இருந்தால், வித்தியாசம் பார்த்துக் குடித்தவர்கள் இருந்தார்கள் என்றே பொருள். நம் ராஜபாளையத்தில் சப்பட்டைக்கும் பஞ்சவர்ணத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவர்களால்தான் அந்த மாம்பழப் பெயர்கள் இன்னும் வாழ்கின்றன. அதே கணக்குதான்.

யவனர் கொண்டுவந்த குப்பி

வெளிநாட்டுப் பானத்தைச் சுவைபார்ப்பதும் நமக்குப் புதிதல்ல. பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய பாடல் புறநானூற்றில் 56ஆவது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பொன் கிண்ணத்தில் ஏந்தி மகளிர் தர, மகிழ்ந்து வாழ்வாயாக என்று அரசனை வாழ்த்துகிறார். குளிர்ச்சி, மணம் என்று இரண்டு குணங்களை அவர் எடுத்துச் சொல்வதைக் கவனியுங்கள்.

இது வெறும் கற்பனையும் அல்ல. புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மது வந்த இரட்டைக் கைப்பிடி மண்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. இந்தச் சாடிகளுக்கு ஆம்போரா என்று பெயர். வைகை கடலில் சேரும் இடத்தருகே, ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்திலும் இதே வகைச் சாடி ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நம் மதுரைப் பாண்டியனின் கிண்ணத்துக்குச் சாடி எந்த வழியாக வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

பகிர்ந்து குடிப்பதற்கும் ஒரு மரியாதை இருந்தது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலில் அவர் முதலில் நினைவுகூர்வது கள்ளைத்தான். கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் உடனிருந்து குடிப்பான் என்கிறார். அளவும் துணையும் சேர்ந்த பழக்கம் அது.

எதிர்க்குரலும் பழையதே. திருக்குறளின் 93ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை. பத்துக் குறளிலும் வள்ளுவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே சமூகத்தில் இரண்டு குரலும் இருந்தன. அதை மறைக்கவேண்டியதில்லை.

ஊர் சேர்ந்து கொட்டிய பீர்

இப்போது கொஞ்சம் ஐரோப்பாவுக்குப் போய் வரலாம். அங்கேயும் குடிப் பிரச்சினை இருந்தது, வரி இருந்தது, சட்டம் இருந்தது. ஆனால் சட்டம் சில இடங்களில் சுவையைக் காப்பாற்றும் வேலையைச் செய்தது. ஜெர்மனியின் பவேரியாவில் 1516இல் வந்த ஆணைப்படி பீரில் பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர் இவை மூன்றைத் தவிர வேறு எதுவும் சேர்க்கக்கூடாது. ஈஸ்ட் பற்றி ஆணையில் பேச்சே இல்லை.

இன்று செக் நாட்டில் இருக்கும் பில்சன் நகரத்துக் கதை, நம்மைப்போன்ற குடியிருப்போர் சங்கத்துக்குப் பிடிக்கும். 1838இல் அந்த ஊர்க்காரர்கள், பீர் சரியில்லை என்று 36 பீப்பாய்களை நகர மன்றத்துக்கு முன்னால் பகிரங்கமாகக் கொட்டினார்கள். பிறகு பீர் காய்ச்சும் உரிமை உள்ள குடிமக்கள் ஒன்றுகூடிப் பொதுவில் ஒரு புது ஆலை கட்டினார்கள். பவேரியாவிலிருந்து யோசப் க்ரோல் என்பவரை அழைத்துவந்தார்கள். அவர் 1842இல் காய்ச்சிய பொன்னிறத் தெளிந்த பீர்தான் பில்ஸ்னர். இன்று நம் ஊர் டாஸ்மாக் கடையில் குளிர்பெட்டிக்குள் இருக்கும் சாதாரண பீரும் அந்த வகையின் தூரத்துப் பேரப்பிள்ளைதான்.

பெல்ஜியத்தில் புருசெல்ஸ் நகரை ஒட்டிய பகுதியில் லாம்பிக் என்ற பீர் இருக்கிறது. இதற்கு ஈஸ்டைத் தனியாகச் சேர்ப்பதில்லை. காய்ச்சிய சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் குளிர்காலத்து இரவு முழுவதும் திறந்து வைக்கிறார்கள். காற்றில் உள்ள நுண்ணுயிர்களே இறங்கி வேலை செய்கின்றன. பிறகு மரப்பீப்பாயில் ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு கிடக்கும். புளிப்பாக இருக்கும். பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது.

நம் பனங்கள்ளும் இதே குடும்பம்தான். பாளையில் வடியும் சாற்றில் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால் முளைகட்டும் வேலை இல்லை. கலயத்திலும் காற்றிலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் புளிக்கவைத்துவிடும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிப்பது நின்று பதநீராக இருக்கும், தடவாவிட்டால் கள். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்புதான். கள்ளில் உள்ள சாராயச் சத்து பெரும்பாலும் பீர் அளவே, 4 முதல் 5 சதவீதம் வரை.

ஒன்று உலகப் பட்டியலில் இடம் பெற்றது. மற்றொன்று இங்கே தடைசெய்யப்பட்ட பொருள். இந்த வித்தியாசம் எப்படி வந்தது?

மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம்

கம்பெனி காலத்திலும் பிறகு பிரிட்டிஷ் அரசின் காலத்திலும் குடி என்பது கஜானாவின் வருமானமாக மாறியது. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் இதை முறைப்படுத்தியது. கள் இறக்கும் மரத்துக்கு வரி. விற்கும் கடைக்கு உரிமம், ஏலம். உரிமம் இல்லாமல் வடித்தால் குற்றம். வீட்டில் வடித்து விருந்தாளிக்குக் கொடுத்த பானம், கடையில் காசு கொடுத்து வாங்கும் சரக்காயிற்று. ஏலத்தில் அதிகத் தொகை கட்டியவர் போட்டதை எடுக்கவேண்டும். அவருக்கு வேண்டியது அதிக விற்பனை, நல்ல கள் அல்ல.

அதே காலத்தில் வெள்ளைக்காரர்கள் தங்களுக்கான பீரில் மட்டும் வகை பார்த்தார்கள். இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்ப ஹாப்ஸ் அதிகம் சேர்த்துக் காய்ச்சிய கசப்பு வகைக்கு 'இந்தியா பேல் ஏல்' என்றே பெயர் நிலைத்தது. பெங்களூருத் தட்டில் 'ஐபிஏ' என்று வருவது இதுதான். பெயரில் இந்தியா இருந்தாலும் அன்று அது இந்தியருக்கு வந்த பானம் அல்ல. பிறகு குளிர்ச்சியான மலைகளில் ஆலைகள் எழுந்தன. நீலகிரியிலும் பெங்களூருவிலும் இருந்த சில ஆலைகளை 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இணைத்து யுனைடெட் ப்ரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

குடி வருமானத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் பெண்கள் முன்னால் நின்றார்கள். 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் இறங்கினார்கள். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் வந்ததுதான் விற்பனை வரி. இன்று நாம் கடையில் வாங்கும் பொருளுக்குக் கட்டும் வரியின் வேர் அந்த மதுவிலக்கில் இருக்கிறது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

1971இல் நடந்த இரண்டு காரியங்கள்

1971ஆம் ஆண்டை மட்டும் தனியாகப் பாருங்கள். அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் திறந்தன. மாநில நிதிநிலையே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் சேர்ந்து, பெரிய ஆலைகள் ஊரெல்லாம் ஒரே சுவையில் பீர் விற்பதை எதிர்த்து ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பீப்பாயிலேயே முதிரும் பழைய வகை ஏல் அழியக்கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. 'காம்ரா' என்று அழைக்கப்படும் அந்த நுகர்வோர் இயக்கம் இன்றும் இருக்கிறது. அங்கே குடிமக்கள் கேட்டது சுவையை. இங்கே கணக்குப் பார்க்கப்பட்டது வருமானத்தை.

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். வீட்டு அடுக்களையிலும் கார் கொட்டகையிலும் பழகியவர்கள் பிறகு சிறு ஆலைகள் தொடங்கினார்கள். 'கிராஃப்ட் பீர்' என்ற பெயர் உலகம் சுற்றியது அப்படித்தான். 1977இல் மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளர், பாடகர் அல்ல, உலகப் பீர் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்த ஊர்ப் பீர், எந்த வகை, எப்படி மணக்கும் என்று பிரித்துச் சொல்ல அந்த நூல் பலருக்குக் கற்றுக்கொடுத்தது.

அவர் வியந்து எழுதிய பீர்களில் ஒன்று நம் பக்கத்து வீட்டில் இருந்தது. இலங்கையின் நுவரெலியாவில் 1881இல் தொடங்கிய ஆலையின் லயன் ஸ்டவுட். கரிய நிறம், உலர்ந்த பழத்தின் மணம், காபியும் கசப்புச் சாக்லேட்டும் கலந்த சுவை என்று அதை அவர் விவரித்தார். நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் கூலிகளாக உழைத்தவர்கள் தமிழர்கள். மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் அவர்களில் ஏராளம். அந்த மலையின் பீர் உலக நாக்குகளில் பேர் வாங்கியது. அதே தீவில் யாழ்ப்பாணத்துப் பனங்கள்ளும் சட்டப்படியே விற்கப்படுகிறது, பாட்டிலிலும் அடைக்கப்படுகிறது. நம் மேற்கு மலையைத் தாண்டினால் கேரளத்திலும் கள்ளுக்கடை உண்டு.

4 சதவீதம் போய் 42.8 வந்த கதை

தமிழ்நாட்டில் 1970களின் நடுவில் மதுவிலக்கு திரும்பியது. 1981இல் மீண்டும் கடைகள் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியது. 1987இல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. கள்ளுக்கு அந்தத் தடை இன்றுவரை நீடிக்கிறது. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. கள்ளில் கலப்படம் நடக்கும், கண்காணிக்க முடியாது என்பது தடைக்குச் சொல்லப்படும் காரணம். கலப்படம் நடந்ததும் உண்மைதான்.

ஆனால் முடிவைப் பாருங்கள். 4, 5 சதவீதச் சத்துள்ள கள் போய்விட்டது. அந்த இடத்தில் இருப்பது 42.8 சதவீதச் சத்துள்ள பிராந்தியும் ரம்மும். இதற்குப் பின்னால் ஓர் எளிய காரணம் இருக்கிறது. கள் ஒரே நாளில் புளித்துவிடும், தூரத்துக்குக் கொண்டுபோக முடியாது, மரம் மரமாகப் போய் எண்ணவேண்டும். பிராந்தி கெடாது, சிறு பாட்டிலில் அடங்கும், கணக்கு வைப்பதும் வரி போடுவதும் எளிது. மதுவிலக்குக் காலத்திலும் இதேதான் நடந்தது. திருட்டுத்தனமாகக் கொண்டுபோகிறவருக்குக் குறைந்த இடத்தில் அதிகப் போதை தரும் சரக்குதான் லாபம். ஆக, வரி போட்டாலும் தடை போட்டாலும் வெல்வது காட்டமான சரக்கே. அதன் கடைசி எல்லை எது என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி காட்டியது. மெத்தனால் கலந்த விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

இதோடு சேர்ந்து மொழியும் போனது. தோப்பி, தேறல், நறவு என்று வகை பிரித்த தமிழில் இன்று 'சரக்கு' என்ற ஒரே சொல்தான் புழங்குகிறது. குவாட்டர், ஆஃப், ஃபுல் என்பவை அளவுகள். சுவையின் பெயர்கள் அல்ல. கசப்பு, புளிப்பு, மணம் பற்றிப் பேச நம் பிள்ளைகள் பெங்களூரு போய் ஆங்கிலத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

கள்ளைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை. கள்ளுக்கடை வாசலில் அன்று மறியல் செய்த பெண்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றை வரலாறு தெளிவாகச் சொல்கிறது. குடிக்கிறவர் வாயில் வைத்து, நிதானித்து, நல்லது கெட்டது சொல்லி, கெட்டதைப் பில்சன்காரர்கள்போலத் தெருவில் கொட்டும் துணிவு இருந்த இடங்களில் அளவும் தரமும் கூடவே இருந்தன. கஜானாவும் தடையுமே பேசிய இடங்களில் போதை மட்டும் மிஞ்சியது.

நம் கையில் இன்னும் இருப்பது

சோழபுரம் சுற்றுவட்டாரத்தில், ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் வரை, கண்மாய்க் கரைகளிலும் வயல் வரப்புகளிலும் இன்னும் பனை நிற்கிறது. பனை நம் மாநில மரம். செங்கல் சூளைக்கும் மனைப்பிரிவுக்கும் அது வெட்டுப்படுவதையும் பார்க்கிறோம். ஏறுவதற்கு ஆள் இல்லை என்பது பெரிய குறை. பாளை சீவும் பக்குவம், எந்த நேரம் ஏறவேண்டும், எந்த மரத்துச் சாறு இனிப்பு கூடுதல் என்பதெல்லாம் ஏறுகிறவர்களின் கையிலும் நாக்கிலும் இருக்கும் அறிவு. அவர்களோடு அது போய்விட்டால் எந்தப் பல்கலைக்கழகமும் திருப்பித் தராது.

கள் நமக்குச் சட்டப்படி இல்லை. பதநீர் இருக்கிறது. அதில் யாருக்கும் தடையில்லை, குழந்தைகளும் குடிக்கலாம். பெங்களூரு மரத்தட்டில் பிள்ளைகள் செய்வதை இந்தப் பதநீர்க் காலத்தில் நாம் ஓலைப் பட்டையில் செய்யலாம். இரண்டு மூன்று ஊர்ப் பதநீரை அடுத்தடுத்துக் குடித்துப் பாருங்கள். எது இனிப்பு கூடுதல், எதில் சுண்ணாம்பு தூக்கல், எதில் நுங்கு போட்டால் சேர்கிறது என்று சொல்லுங்கள். கருப்பட்டிக்கும் அப்படியே, ஒரு மரத்தடி வட்டுக்கும் இன்னொரு மரத்தடி வட்டுக்கும் நிறமும் மணமும் மாறும்.

வீட்டில் எண்பதைத் தாண்டிய தாத்தா, பாட்டி இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். காலைப் பதநீருக்கு என்ன பெயர், மாலைப் பதநீருக்கு என்ன பெயர், நல்ல பதநீரை எப்படிக் கண்டுபிடித்தார்கள், யார் வீட்டு மரம் பேர்பெற்றது என்று அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதி நம் சங்கத்துக்கு அனுப்புங்கள். கிடைத்த சொற்களை அடுத்த இதழில் தொகுத்து வெளியிடலாம். ஒரு சொல் காப்பாற்றப்பட்டால் அதைச் சுமந்த மரத்துக்கும் இன்னும் கொஞ்ச காலம் மதிப்பு இருக்கும்.